இரண்டாம் செட்டில் கனக்கும் மட்டை

கும்மிடிப்பூண்டிப் பக்கம் டென்னிஸ் பந்து தெரியாத பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலியிடங்களில் நடக்கும் கிரிக்கெட்டில் அடிபடுவது அந்தப் பந்துதான். ஆனால் அந்தப் பந்துக்கென்றே செய்த மட்டையைக் கையில் எடுப்பவர்கள் இன்னும் சிலர்தான். சிப்காட் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்த பொறியாளர், கல்லூரியில் விட்ட ஆட்டத்தை நாற்பது வயதில் மறுபடி தொடங்கும் மேற்பார்வையாளர், மகளைக் கோச்சிங்கில் சேர்க்க நினைக்கும் அப்பா என்று விரல்விட்டு எண்ணலாம். நல்ல மட்டை வேண்டுமென்றால் புறநகர் ரயில் ஏறி சென்னைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கைபேசியில் படம் பார்த்து வரவழைக்க வேண்டும். எங்கே வாங்கினாலும் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இது யார் ஆடும் மட்டை?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. மட்டை வாங்கும்போது ஒவ்வொருவரும் தம் ஆட்டத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். மட்டை உதவ வேண்டியதோ, இரண்டாம் செட்டின் கடைசியில், சட்டை நனைந்து, தோள் தளர்ந்து, கால் பந்துக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும் நேரத்தில். வங்கக் கடலோரத்துப் புழுக்கத்தில் ஆடுகிறவர்களுக்கு அந்த நேரம் சீக்கிரமே வந்துவிடும்.

உலகின் முதல்தர உடம்புக்கும் இது நேர்ந்திருக்கிறது, அதுவும் சென்னையிலேயே. 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓபன் அரையிறுதி. ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மூன்று செட்களையும் டைபிரேக்கருக்குக் கொண்டுபோய், ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆடினார்கள். நடால் வென்றார். மறுநாள் இறுதிப் போட்டியில் மிகயில் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். மட்டை மாறவில்லை, அதில் கட்டிய நரம்பு மாறவில்லை; அதைச் சுழற்றும் கைக்கும் கால்களுக்கும்தான் முந்தைய இரவின் களைப்பு மிச்சமிருந்தது. நடாலுக்கே ஒரு நாளில் அத்தனை வித்தியாசம் என்றால், எட்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு மாலையில் ஆட வருபவர் தம் கையின் களைப்பைக் கணக்கில் எடுக்காமல் மட்டை வாங்குவது சரியாக இருக்காது.

மட்டையின் வரலாறே ஒரு விதத்தில் களைத்த கைக்கும் தப்பிய அடிக்கும் உதவி தேடிய வரலாறு. மரமட்டையின் முகம் ஏறத்தாழ 65 முதல் 70 சதுர அங்குலம். எடை 370 கிராமுக்கு மேல். நடுவில் பட்டால்தான் பந்து போகும். அந்த மட்டையை வைத்துக்கொண்டுதான் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் ஆண்டு நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். கிருஷ்ணனின் சர்வில் வேகம் இல்லை. பந்தை எழும்பும்போதே சந்திப்பதும், எதிராளி அடித்த வேகத்தையே அவருக்குத் திருப்பிவிடுவதும், பந்தை வைக்கும் இடத்தின் துல்லியமும்தான் அவர் பலம். மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே வழியில் வந்தவர். 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். தந்தையும் மகனும் சேர்ந்து எழுதிய புத்தகத்துக்கு ‘எ டச் ஆஃப் டென்னிஸ்’ என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

மரத்துக்கு அடுத்து வந்தது இரும்பாலைக்காரர்களுக்கு நெருக்கமான பொருள். பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்த் வடிவமைத்த எஃகு மட்டையை வில்சன் நிறுவனம் 1967இல் டி2000 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தலை சிறியது, சட்டம் வளைந்து கொடுக்கும், பந்து எங்கே போகும் என்பதைப் பழகியவர்தான் சொல்ல முடியும். ஜிம்மி கானர்ஸ் அதை வைத்து எல்லோரையும் மிரட்டினார். 1975 விம்பிள்டன் இறுதியில் அவரை வீழ்த்திய ஆர்தர் ஆஷ் கையில் இருந்தது அலுமினியமும் கண்ணாடியிழையும் சேர்ந்த ஹெட் மட்டை.

பெரிய திருப்பம் ஹோவர்ட் ஹெட் என்ற பொறியாளரால் வந்தது. பனிச்சறுக்குப் பலகைகளில் பெயர் எடுத்த அவர் ஓய்வுக்குப் பின் டென்னிஸ் ஆடத் தொடங்கினார். பந்து நடுவில் படாதபோதெல்லாம் மட்டை கையில் முறுக்கிக்கொண்டது. முகத்தை அகலப்படுத்தினால் அந்த முறுக்கு குறையும் என்று கண்டார். அப்படி அவர் உருவாக்கிய, பிரின்ஸ் நிறுவனத்தின் 110 சதுர அங்குல மட்டை 1976இல் வந்தது. முதியவர்களுக்கான மட்டை என்று பலர் ஒதுக்கினார்கள். 1978இல் அதை ஏந்திக்கொண்டு 16 வயது பாம் ஷ்ரைவர் அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டிக்கு வந்தபோது அந்தப் பேச்சு அடங்கியது. அடுத்த ஐந்தாண்டுகளில் மரத்தின் காலம் முடிந்தது. 1983 பிரெஞ்சு ஓபனில் யானிக் நோவா வென்றதே மரமட்டையின் கடைசிப் பெரிய வெற்றி. கார்பன் இழை எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இன்று கடையில் தொங்கும் நல்ல மட்டைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பொருளால் ஆனவை, ஒரே நீளம் கொண்டவை. 27 அங்குலம் வழக்கமான நீளம். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் அனுமதிக்கும் உச்சம் 29. வேறுபாடு முகத்தின் பரப்பு, எடை, அந்த எடை எங்கே இருக்கிறது, சட்டம் எவ்வளவு விறைப்பு, நரம்புக் கட்டம் எவ்வளவு நெருக்கம் ஆகியவற்றில்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொழில்நுட்பப் பெயர்களைத் தள்ளி வைத்துவிட்டு இந்த ஐந்தையும் பார்த்தால் போதும்.

இவற்றின் வேலையைப் புரிந்துகொள்ளப் பந்திலிருந்து தொடங்குவது நல்லது. விதிப்படி, 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழும் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும். அதாவது பந்து நசுங்கி மீளும்போது கிட்டத்தட்டப் பாதி ஆற்றலை இழந்துவிடுகிறது. நரம்பு அப்படியில்லை. உள்வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடும். ஆகவே நரம்பு அதிகம் குழிந்து, பந்து குறைவாக நசுங்கினால் அடிக்கு வேகம் கூடும். பெரிய முகமும் தளர்ந்த நரம்பும் வேகம் தருவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹோவர்ட் ப்ரோடி இந்த விஷயங்களை 1970களின் இறுதியிலிருந்து ஆராய்ந்து எழுதினார். பந்து நரம்பில் தங்கும் நேரம் ஏறத்தாழ 5 மில்லிநொடி. மூளைக்குச் செய்தி போய்த் திரும்புவதற்குள் பந்து வலையைத் தாண்டப் புறப்பட்டுவிடும். தொட்ட பிறகு கையால் திருத்த எதுவுமில்லை. தொடும் கணத்தில் மட்டை எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு நிலையாக இருந்தது என்பது மட்டுமே கணக்கு.

இந்த இடத்தில்தான் பலர் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள். வேகமாக அடிப்பவர் ‘பவர்’ என்று எழுதிய மட்டையை எடுக்கிறார். மெதுவாக, கவனமாக ஆடுபவர் ‘கண்ட்ரோல்’ மட்டையை எடுக்கிறார். முதலாமவரின் பந்து வேலிக்குப் போகிறது, இரண்டாமவரின் பந்து சர்வீஸ் கோட்டைத் தாண்டுவதில்லை. மட்டை ஈடுசெய்ய வேண்டியது ஆட்டக்காரரிடம் இல்லாததை. கை தானாகவே வேகம் தருகிறவருக்கு, வேகத்தை அடக்கும் மட்டை வேண்டும். குறுகிய வீச்சில் தட்டிவிடுகிறவருக்கு, தானே வேகம் தரும் மட்டை வேண்டும். சென்னைக் கிளப்களில் வாரம் இருமுறை டபிள்ஸ் ஆடும் ஐம்பது வயதுக்காரர்களில் நிறையப் பேர் இந்த இரண்டாம் வகை. அவர்களில் பலர் கையில் 95 சதுர அங்குல மட்டை இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. 102 முதல் 107 சதுர அங்குலத்துக்குள், 280 கிராம் அளவில் ஒன்றை எடுத்தால் அவர்கள் ஆட்டம் ஆழம் பெறும், தோளும் பிழைக்கும்.

பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று, மட்டையைக் கீழிருந்து மேலாக இழுத்து, டாப் ஸ்பின்னால் பந்தைக் குதிக்கவிடுகிறவர்களுக்கு வழி தெளிவானது. 100 சதுர அங்குலம், 300 கிராம், 16 நெடுக்கு 19 குறுக்கு நரம்புகள் என்ற அமைப்பு அவர்களுக்காகவே பிறந்தது போலப் பரவியிருக்கிறது. அதைப் பரப்பியதில் முக்கியப் பங்கு பிரான்சின் பாபோலா நிறுவனத்துக்கு. 1875 முதல் நரம்பு செய்துவந்த அந்நிறுவனம் 1994இல்தான் மட்டை செய்யத் தொடங்கியது. அதன் ப்யூர் டிரைவ் மட்டையால் மோயா 1998 பிரெஞ்சு ஓபனை வென்றார். பின்னர் 2004, 2005 இரண்டு ஆண்டுகளும் சென்னை ஓபன் பட்டமும் அவருக்கே.

வலைக்கு ஏறி வாலி அடிப்பவர்களின் தேவை வேறு. 2017இல் துருக்கியின் அன்டால்யாவில், உலகத் தரவரிசையில் முதல் பத்தில் இருந்த டொமினிக் தீமைத் தோற்கடித்த சென்னை ராம்குமார் ராமநாதனின் ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். அது புல் தரை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அவர் இறுதிப் போட்டி வரை போனதும் புல் தரையில்தான். பெரிய சர்வ், உடனே முன்னேற்றம், வலையருகே முடிவு. இப்படி ஆடுகிறவருக்கு முன்கை, பின்கை என்று மட்டை சட்டென்று திரும்ப வேண்டும்; அதே சமயம் எதிராளியின் வேகமான பந்து பட்டால் மட்டை தடுமாறவும் கூடாது. மொத்த எடை அதிகமாகவும், அந்த எடை கைப்பிடிப் பக்கம் சாய்ந்தும் இருக்கும் மட்டைதான் இரண்டையும் தரும். தலைப்பக்கம் கனத்த லேசான மட்டை இதற்கு நேர் எதிர்.

பட்டறை வேலை தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே சுத்தியலைப் பிடியின் நுனியில் பிடித்து ஓங்குவதும், தலைக்கு அருகில் பிடித்து ஓங்குவதும் கைக்கு ஒன்றாக இருக்காது. தராசில் எடை மாறுவதில்லை, கை உணரும் எடை மாறுகிறது. டென்னிஸில் இதை ஸ்விங் வெயிட் என்கிறார்கள். நரம்பு கட்டிய மட்டைகளில் இந்த அளவு பொதுவாக 290 முதல் 335 வரை இருக்கும். 285 கிராம் மட்டை ஒன்றும் 305 கிராம் மட்டை ஒன்றும் இந்த அளவில் சமமாக இருக்கக்கூடும். கடைக்காரர் எடையை மட்டும் சொல்லி லேசான மட்டை என்று கொடுத்தால், இந்த எண்ணையும் கேட்க வேண்டும். வாரம் இருமுறை ஆடுகிறவருக்கு 320க்கு மேல் போனால் இரண்டாம் செட்டில் சுமை. 300க்குக் கீழே போனால் வேகமான பந்தின் முன் மட்டை ஆடிப்போகும்.

லேசான மட்டைதான் கைக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலானது. அது பாதிதான் சரி. எடை குறையும்போது பந்தின் மோதலை மட்டை வாங்கிக்கொள்ளாமல் கைக்கே அனுப்புகிறது. சட்டமும் விறைப்பாக இருந்துவிட்டால் முழங்கைதான் பதில் சொல்ல வேண்டும். விறைப்பை ஆர்ஏ என்ற எண்ணால் குறிப்பார்கள். 60க்குக் கீழே என்றால் சட்டம் நன்றாக வளையும், 70ஐ நெருங்கினால் இரும்பு மாதிரி. புதிதாகத் தொடங்குவோருக்கென்று விற்கப்படும் மட்டைகளில் கணிசமானவை லேசானவை, விறைப்பானவை, தலை கனத்தவை. மெதுவான பந்தோடு ஆடும்வரை பழுதில்லை. எதிரே இருப்பவர் வேகமாக அடிக்கத் தொடங்கும்போதுதான் வலி ஆரம்பிக்கிறது.

டென்னிஸ் எல்போ என்ற பெயர் தமிழ்நாட்டில் பரவலாகத் தெரியவந்ததற்குக் காரணம் ஒரு கிரிக்கெட் வீரர். கனமான மட்டைக்குப் பெயர்போன சச்சின் டெண்டுல்கருக்கு 2004இல் முழங்கை வலி வந்து, 2005இல் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்போடு சேரும் இடத்தில் வரும் தேய்வு அது. ஸ்பேனர் முறுக்குகிறவர், அதிரும் கருவியைப் பிடித்து வேலை செய்கிறவர், பெயின்டர், தச்சர் எல்லோருக்கும் வரும். ஆகவே ஒரு தொழிற்பேட்டையில் மட்டையைப் பற்றிப் பேசும்போது இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. பகல் முழுவதும் அதே தசைநாணை வேலை வாங்கிய ஃபிட்டர், மாலையில் விறைப்பான மட்டையும் முறுக்கேறிய நரம்புமாக ஆடினால் இரண்டு சுமையும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அவருக்கு 64க்கு உட்பட்ட ஆர்ஏ, 295 முதல் 305 கிராம் எடை, மென்மையான நரம்பு என்று பார்ப்பது அவசியம். நரம்பின் இடையில் செருகும் சின்ன ரப்பர் டாம்பனர் சத்தத்தைத்தான் மாற்றும், முழங்கையைக் காப்பாற்றாது.

இனி நட்சத்திரங்களின் மட்டை. அவர்கள் பெயர் போட்டு விற்கப்படுவதும் அவர்கள் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முன்னணி வீரர்கள் பலர் தங்களுக்குப் பழகிய பழைய வார்ப்பிலேயே ஆடுகிறார்கள். புதிய மாடலின் வண்ணம் மட்டும் அதன்மேல் பூசப்படுகிறது. ஈயப்பட்டை ஒட்டி, கைப்பிடியை மாற்றி, எடையைக் கிராம் கணக்கில் தங்களுக்கேற்றபடி அமைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது மாடல் பெயரை விட, அவர்கள் முடிவு எடுத்த விதத்தை. ரோஜர் ஃபெடரர் 90 சதுர அங்குல மட்டையால் 2012க்குள் 17 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றவர். முதுகு வலியும் தோல்விகளுமாகப் போன 2013இல் பெரிய மட்டையைச் சோதித்தார், பழையதற்குத் திரும்பினார், மறுபடி யோசித்து 2014 தொடக்கத்தில் 97 சதுர அங்குலத்துக்கு மாறினார். அப்போது அவருக்கு 32 வயது. அந்த மட்டையால் மேலும் மூன்று பட்டங்கள் வென்றார். வயது கூடக்கூட பேக்ஹேண்ட் தாமதமாகிறது, விளிம்பில் படுவது அதிகமாகிறது என்பதை ஏற்றுக்கொண்டு, உலகமே புகழ்ந்த மட்டையைக் கீழே வைத்தார். அதே ஃபெடரர் பெயரில் வந்த 97, நரம்பில்லாமலேயே 340 கிராம். வார இறுதியில் ஆடுகிறவருக்கு அது ஏற்றதல்ல.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகும், கையில் இருக்கும் பணத்தில் முதலில் கவனிக்க வேண்டியது நரம்பைத்தான். பந்தைத் தொடுவது நரம்பு மட்டுமே. மட்டையின் விலையில் சிறு பங்குக்கு ஆட்டத்தையே மாற்றிவிடலாம். அப்படியிருந்தும், கடையில் வாங்கியபோது இருந்த நரம்பு அறுகிற வரை அதோடே ஆடிக்கொண்டு, மட்டை சரியில்லை என்று அடுத்த மட்டைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

1977இல் வெர்னர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் வடிவமைத்த இரட்டை நரம்பு மட்டையால் டென்னிஸ் உலகம் கலங்கியது. பிளாஸ்டிக் குழாய்கள் கோத்த நரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, பந்துக்கு எதிர்பாராத சுழற்சி தந்தன. ஸ்பாகெட்டி மட்டை என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த அக்டோபரில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் இலியே நஸ்டாஸே அதை வைத்து ஆட, தொடர்ந்து வென்றுகொண்டே வந்த கியேர்மோ விலாஸ் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார். உடனே தடை வந்தது. 1978இல், அதுவரை விதிப்புத்தகத்தில் இல்லாத மட்டைக்கான இலக்கணம் எழுதப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, அதே வழுக்கல் விதிக்கு உட்பட்டே திரும்பி வந்தது. 1997 பிரெஞ்சு ஓபனில், தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்த பிரேசிலின் குஸ்டாவோ குயெர்ட்டன் பெல்ஜியத்தின் லக்சிலான் பாலியெஸ்டர் நரம்போடு வந்து பட்டம் வென்றார். பாலியெஸ்டரின் நெடுக்கு நரம்பு, பந்து படும்போது பக்கவாட்டில் வழுக்கிப் போய் உடனே பழைய இடத்துக்கு மீள்கிறது. அந்த மீட்சிதான் சுழற்சியைக் கூட்டுகிறது. இன்று தொழில்முறை ஆட்டக்காரர்களில் பாலியெஸ்டர் இல்லாமல் ஆடுகிறவரைக் காண்பது அரிது.

ஆனால் அது வேகமாக வீசும் கைக்கான நரம்பு. மெதுவான வீச்சில் வழுக்கலும் நிகழாது, மீட்சியும் நிகழாது. விறைப்பு மட்டும் முழங்கைக்கு வந்து சேரும். இன்னொரு குறை, அது அறுவதற்கு வெகு முன்பே செத்துவிடும். பத்துப் பதினைந்து மணி நேர ஆட்டத்தில் இழுவிசை தளர்ந்து, துள்ளல் போய்விடும். பார்க்க முழுதாகவே இருப்பதால் மாதக்கணக்கில் அதோடு ஆடுகிறவர்கள் உண்டு. மாதம் ஒரு முறை நரம்பு மாற்ற மனமில்லாதவர் பாலியெஸ்டரைத் தொடாமல் இருப்பது நல்லது.

கடலுக்கு அருகிலுள்ள ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பழவேற்காடு ஏரியையும் எண்ணூரையும் தாண்டி வரும் காற்றில் ஈரம் குறைவதில்லை. மாட்டுக் குடலிலிருந்து செய்யும் இயற்கை நரம்பு உலகிலேயே மிருதுவானது, இழுவிசையை நெடுநாள் காக்கிறது. ஃபெடரர் நெடுக்கில் இட்டதும் அதுதான். ஆனால் ஈரம் பட்டால் உப்பிப் பிரிந்துவிடும். விலையும் அதிகம். கும்மிடிப்பூண்டியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைக் கட்டுவது பணத்தை நனைய விடுவதுதான். பல நூறு நுண்ணிழைகளைத் திரித்துச் செய்த மல்டிஃபிலமென்ட் நைலான் ஏறத்தாழ அந்த மிருதுவைத் தரும். கை வலிக்காரருக்கும் டபிள்ஸ் ஆடுபவருக்கும் அதுவே போதும். சுழற்சியும் வேண்டும், முழங்கையும் பிழைக்க வேண்டும் என்பவர் நெடுக்கில் பாலியெஸ்டரும் குறுக்கில் மல்டிஃபிலமென்டும் கலந்து கட்டலாம்.

இழுவிசையில் அதிகம் இறுக்குவதுதான் நம் ஊரின் பழைய வழக்கம். மரமட்டையின் சிறிய முகத்துக்குப் பழகிய 60 பவுண்டு இன்றும் சில கோச்சுகளின் வாயில் வருகிறது. 100 சதுர அங்குல முகத்தில் நைலானுக்கு 52 முதல் 55, பாலியெஸ்டருக்கு 46 முதல் 50 போதுமானது. பந்து கோட்டைத் தாண்டிப் போனால் இரண்டு பவுண்டு கூட்டலாம், குட்டையாக விழுந்தால் இரண்டு குறைக்கலாம். கட்டிய மட்டையை வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பெட்டியிலோ போட்டுவைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்; வெப்பத்தில் நரம்பு தளர்ந்துவிடும்.

கைப்பிடிக்கு வருவோம். எல்2 என்றால் சுற்றளவு நாலேகால் அங்குலம், எல்3 என்றால் அதைவிட எட்டில் ஒரு பங்கு அங்குலம் அதிகம். பிடித்த கையின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறுகையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைந்தால் அளவு பொருத்தம். இரண்டு அளவுகளுக்கு இடையில் இருந்தால் சிறியதை எடுக்க வேண்டும், ஏனென்றால் ஓவர்கிரிப் சுற்றும்போது பருமன் கூடும். வியர்வை அதிகம் உள்ளவர்கள் ஒட்டும் வகை ஓவர்கிரிப்பை விட்டுவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் உலர் வகையை எடுப்பது நல்லது. மே மாதத்தில் அதை வாரத்துக்கு ஒன்று மாற்றினாலும் செலவு பெரிதில்லை. வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடிப்பதே முழங்கை வலிக்கு ஒரு காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. வளர்ந்துவிடுவாளே என்று எட்டு வயதுப் பெண்ணுக்கு 27 அங்குல மட்டையை வாங்கிக் கொடுப்பது. அவள் மட்டையின் கழுத்துப் பகுதியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளப் பழகுவாள். அந்தப் பழக்கத்தைப் பின்னால் உடைக்கக் கோச்சுக்கு வருடங்கள் ஆகும். ஐந்தாறு வயதுக்கு 19 அல்லது 21, எட்டுக்கு 23, ஒன்பது பத்துக்கு 25, அதற்கு மேல் 26 அங்குலம் என்று போக வேண்டும். பந்தும் அப்படியே. சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள் வழக்கமான பந்தைவிட முறையே 75, 50, 25 சதவீதம் மெதுவானவை. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்று 2012இலிருந்து சர்வதேச விதியே இருக்கிறது. குட்டி மட்டை அலுமினியத்தில் இருந்தாலும் குறையில்லை. பிள்ளை ஒரு வருடத்தில் அடுத்த அளவுக்குப் போய்விடும்.

பெரியவர்கள் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஒன்றரை மணி நேர ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தை யாராவது கைபேசியில் படம் பிடிக்கட்டும். பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்கிறாரா, இடுப்புக்குப் பின்னாலா? பின்னால் என்றால் மட்டையின் கனம் குறைய வேண்டும், அல்லது எடை கைப்பிடிப் பக்கம் நகர வேண்டும். விளிம்பில் படுவது அதிகமா? முகம் பெரிதாக வேண்டும். பந்துகள் ஆழமாகப் போய்க் கோட்டைத் தாண்டுகின்றனவா? நரம்பை இறுக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் அடங்காவிட்டால்தான் 98 சதுர அங்குலம், 18க்கு 20 என்ற நெருக்கமான கட்டம். இந்தப் படத்தோடு கடைக்குப் போய், இரண்டு மட்டைகளை ஒரு வாரம் ஆடிப் பார்க்கக் கேட்கலாம். கிளப்பில் நண்பர்களிடம் கடன் வாங்கியும் ஆடலாம். முதல் நாள் எந்த மட்டையும் நன்றாகத்தான் தோன்றும். மூன்றாம் நாளின் இரண்டாம் செட் வரை பொறுத்திருக்க வேண்டும்.

பழைய மட்டை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல நிறுவனத்தின் ஐந்து வருடப் பழைய மட்டை, அதே விலைக்குக் கிடைக்கும் புது அலுமினிய மட்டையைவிட மிக மேல். தலையின் மேல்விளிம்பில் தரையில் உரசிய கீறல்கள் இருப்பது இயல்பு. நரம்பு நுழையும் துளைகளுக்கு இடையே மயிரிழை விரிசல் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். அடுத்த முறை நரம்பு கட்டும் இயந்திரத்தில் இறுக்கும்போதே அது உடைந்துவிடும். துளைகளில் உள்ள பிளாஸ்டிக் குழல்கள் வெடித்திருந்தால் புதிது கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்கியதும் பழைய நரம்பை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நல்லது. வெட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கிலும் குறுக்கிலும் மாறி மாறி வெட்டிக்கொண்டே வெளிப்பக்கம் போக வேண்டும். ஒரு பக்கத்து இழுவிசையை மட்டும் முதலில் விடுவித்தால் சட்டம் கோணிக்கொள்ளும்.

இரண்டு மட்டை வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆட்டம் வளர்ந்தவர், ஒரே மாடலில் இரண்டாவதை வாங்கும்போது தராசையும் அளவுகோலையும் கூடவே கொண்டுபோகலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரே மாடல் மட்டைகளுக்கு இடையே சில கிராம் வேறுபாடு சகஜம். மட்டையை ஒரு விளிம்பின் மேல் கிடைமட்டமாக நிறுத்தி, சமநிலைப் புள்ளி கைப்பிடியின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தால் எடைப் பரவல் தெரிந்துவிடும். லேசான மட்டையின் தலையில், கடிகாரத்தின் மூன்று, ஒன்பது மணி நிலைகளில் இரண்டு இரண்டு கிராம் ஈயப்பட்டை ஒட்டி மற்றதற்கு இணையாக்கலாம். கைப்பிடிப் பக்கம் குறை இருந்தால் செயற்கை கிரிப்பை எடுத்துவிட்டுத் தோல் கிரிப் சுற்றினாலே பத்து கிராம் வரை கூடும்.